கடலை அறிந்து கட்டுக!

2009 இல் போர் ஓய்ந்த பின்னர், பாசிக்குடாக் கரையிலே உல்லாச விடுதிகள் வரிசையாய் எழுந்தன. இனியும் எழும். விடுதியே வேண்டா என்பது நமது வாதமன்று. நம் கரையில் எழும் கட்டிடம் அக்கரையை அறிந்து எழுகின்றதா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

அங்ஙனம் அறிந்து கட்டியவர் இந்நாட்டிலேயே இருந்தார். சட்டம் பயின்று பாரிஸ்டராகி, பின்னர் கட்டிடக் கலைஞரான ஜெஃப்றி பாவா, 1960களின் இறுதியில் பெந்தோட்டையில் கடற்கரை விடுதியொன்றை அமைத்தார். கருங்கல், மரம், ஓட்டுக்கூரை, நடுவே குளத்தோடு கூடிய முற்றம்: இந்நாட்டுக் கட்டிட மரபே அங்கு அழகாயிற்று.

கிழக்கிற்கும் இப்பாடம் பொருந்தும். வாடையும் கச்சானும் வீசும் திசையறிந்து சாளரம் வைத்தால் குளிரூட்டும் பொறிக்கு வேலை குறையும். மணல்மேடும் தாழையும் கண்டற்காடும் இயற்கை எழுப்பிய அரண்கள். அவற்றை அழித்துவிட்டுக் கொங்கிறீற்று மதில் கட்டுவது பேதைமையன்றோ?

கமக்காரரும் இதில் கருத்தூன்றல் வேண்டும். கரையோர மணலின் கீழ் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. விடுதிகள் அளவின்றி இறைத்தால் அயற்கிணறுகள் உவராகும், தோட்டங்கள் கருகும். மழைநீரைச் சேமியாமலும், கழிவுநீரைச் சுத்திகரித்துத் தன் மரங்களுக்குப் பாய்ச்சாமலும் உள்ள விடுதி, கிடுகால் வேயப்பட்டிருப்பினும் அது வெறும் வேடமே.

சட்டம் இல்லாமலில்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயமாக வகுத்து, அங்கு கட்டுவதற்கு அனுமதி பெறவேண்டும் என்கின்றது. 2004 இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கட்டலாகாத நிலமென அரசு அறிவித்தது. பின்பு அதைத் தளர்த்தியது. மீனவர் குடிசைக்கு ஆபத்தென்று அளக்கப்பட்ட அதே கடல், மாளிகை எழும்போது மட்டும் அடங்கிவிடுமோ?

ஆகவே, அனுமதி வழங்குமுன் மூன்று உறுதிகளை நாம் கேட்போம்: கரைவலை இழுக்கவும் தோணி ஏற்றவும் திறந்த வழி, நாளொன்றுக்கு இறைக்கும் நீரின் பகிரங்கக் கணக்கு, இயற்கை அரண்களைத் தொடாத வரைபடம். அவ்வரைபடம் கொழும்பில் ஒப்பமிடப்படுமுன், கடற்றொழிலாளர் சங்கத்தின் முன்னும் கமக்காரர் அமைப்பின் முன்னும் விரிக்கப்படல் வேண்டும். அதை விரிக்கச் செய்வது கற்றோர் கடன்.