சொந்தச் செலவில் ஒரு சிறு கதைநூல்

“பதிப்பகம் மறுத்த நூலைத்தான் எழுதியவரே அச்சிடுவார்” என்னும் எண்ணம் பலரிடம் இன்றும் உண்டு. மலேசியத் தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பொருந்தாது. கவிதை, சிறுகதை, கட்டுரை என இங்கு வெளிவந்த தமிழ் நூல்கள் பல, எழுத்தாளர்கள் தம் கைப்பணத்தைப் போட்டு அச்சிட்டவையே. வாசகர் வட்டம் சிறியது. ஆயிரக்கணக்கில் விற்கும் என நம்பி முதல் போடுவதற்குப் பதிப்பகங்கள் தயங்குகின்றன. ஆகவே, சொந்த வெளியீடு இங்கு வழக்கமான பாதையாகவே இருந்து வருகிறது.

சமயக் கதைகளைப் படங்களுடன் சிறு நூலாகக் கொண்டுவர விரும்புவோருக்கும் அதே பாதை திறந்திருக்கிறது. கோயிலில் சமய வகுப்பு நடத்தும் ஆசிரியரும், பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகிய பாட்டியும், ஓவியம் தெரிந்த கல்லூரி மாணவரும் இதில் இறங்கலாம். இது வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால், பதிப்பகம் இல்லை என்பதால் பதிப்பாசிரியரின் வேலையும் இல்லை என்று எண்ணிவிடக்கூடாது. அந்த வேலை முழுவதும் எழுதியவரின் தோளில் வந்து இறங்குகிறது. பிறர் புனிதமாகப் போற்றும் நூலிலிருந்து கதையை எடுக்கும்போது அந்தச் சுமை இன்னும் கூடுகிறது.

சிறிய சமய நூல்கள் தமிழுக்குப் புதியவை அல்ல. தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல், 1578இல் கொல்லத்தில் வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் கிறித்துவ நூலாகும். அது 16 பக்கமே உடையது. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பிறர் அச்சிட்டுத் தருவார்கள் எனக் காத்திருக்கவில்லை. 1849இல் கடல் கடந்து சென்னைக்குச் சென்று அச்சுப்பொறி வாங்கி வந்தார். செய்யுளாக இருந்த பெரியபுராணத்தைப் புலவர் அல்லாதாரும் படிக்கும்படி உரைநடையில் எழுதி 1852இல் வெளியிட்டார். இன்று அந்தப் பயணம் தேவையில்லை. நூறு படிகள் போதும் என்றாலும் அச்சிட்டுத் தரும் டிஜிட்டல் அச்சகங்கள் இருக்கின்றன.

“மூல நூலையே படிக்கட்டுமே, சிறு நூல் எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். பெரியபுராணத்தில் 4,000க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிட்டு, படிக்கவில்லை என்று குறைப்படுவது முறையன்று. அந்தப் பிள்ளைக்கு முதலில் ஒரு கதை போதும். எந்தக் கதை, அதை எவ்வாறு சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும்.

கண்ணப்பர் வரலாற்றைப் பார்க்கலாம். வேடர் குலத்தில் பிறந்த திண்ணனார், காளத்தி மலையில் சிவலிங்கத்தைக் கண்டு அன்பு பெருகி நிற்கிறார். வேட்டையில் கிடைத்த இறைச்சியைச் சுட்டு, மென்று சுவை பார்த்து, நல்ல துண்டுகளைப் படைக்கிறார். வாயில் நிறைத்துக் கொண்டுவந்த ஆற்று நீரால் நீராட்டுகிறார். தம் தலையில் செருகி வந்த பூக்களைச் சூட்டுகிறார். முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் இதைக் கண்டு பதறுகிறார். ஆறாம் நாள் இறைவனின் கண்ணில் குருதி வழிகிறது. திண்ணனார் தம் கண்ணை எடுத்து அப்புகிறார். உடனே மற்றொரு கண்ணிலும் குருதி. தம் இரண்டாவது கண்ணையும் எடுத்துவிட்டால் அப்ப வேண்டிய இடம் தெரியாதே என்று அந்த இடத்தில் காலை ஊன்றிக்கொண்டு அம்பை உயர்த்துகிறார். இறைவன் தடுத்தருளுகிறார்.

இதைப் பிள்ளைகளுக்கு எழுதுபவர் இரண்டு இடங்களில் தயங்குவார். முதலாவது இறைச்சி. அதைப் பழமாக மாற்றிவிட்டால் யாருக்கும் உறுத்தல் இராது என்று தோன்றலாம். அப்படி மாற்றினால், சிவகோசரியார் பதறுவதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும். முறை அறியாத ஒருவரின் பூசை எவ்வாறு ஏற்கப்பட்டது என்ற கேள்விதான் இக்கதையின் உயிர். பழம் படைத்த திண்ணனார் வெறும் நல்ல பிள்ளை. அவரைப் பற்றிக் காப்பியம் பாட வேண்டியதில்லை. ஆகவே, இறைச்சி இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது குருதி. இங்கே குறைத்துக்கொள்ள இடமுண்டு. கண்ணைத் தோண்டும் கணத்தை ஓவியர் விட்டுவிடலாம். காலை ஊன்றி நிற்கும் கணத்தை வரையலாம். கண்ணப்பரைக் காட்டும் சிற்பங்களிலும் ஓவியங்களிலும் பலரும் கண்டிருப்பது அந்தக் கோலத்தைத்தான். பிள்ளை அஞ்சாது; கதையும் சிதையாது.

படத்தின் பொறுப்பு சொல்லின் பொறுப்பைவிடப் பெரியது. ‘வேடர் ஒருவர் வந்தார்’ என்று எழுதினால் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரிந்த ஒரு முகத்தைக் கற்பனை செய்துகொள்ளும். படம் அந்த முகத்தை முடிவு செய்து கொடுத்துவிடுகிறது. 1967இல் ஆனந்த் பாய் தொடங்கிய ‘அமர் சித்திரக் கதை’ வரிசை, இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் புராணக் கதைகளை அறிமுகப்படுத்தியது. அந்தப் பெருமையோடு, நல்லவர்களை வெளிர் நிறத்திலும் அரக்கர்களைக் கரிய நிறத்திலும் தீட்டியது என்ற குறையும் அதன்மேல் சொல்லப்பட்டு வருகிறது. திண்ணனார் காட்டிலும் வெயிலிலும் அலைந்தவர். அவரைப் பாலில் குளித்தவர்போல வரைந்த ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்பலாம். கணினி நொடியில் ஆக்கித் தரும் படங்களை இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும்; அது காளத்தி மலையையும் அறியாது, வேடரின் வில்லையும் அறியாது.

பல சமயத்தார் ஒரே வகுப்பறையில் அமரும் நாட்டில் இன்னொன்றும் நினைவில் நிற்க வேண்டும். வேற்றுச் சமயத்தாரை வாதில் வென்று தண்டித்த நிகழ்ச்சிகள் பழைய நூல்களில் உண்டு. முதிர்ந்த வாசகர் அவற்றைக் காலப் பின்னணியோடு படித்துக்கொள்வார். 24 பக்கப் படநூலில் அந்தப் பின்னணியை விளக்க இடமில்லை. நாயன்மார் 63 பேரின் வரலாறு இருக்க, ஐந்தை மட்டும் தேர்ந்தெடுப்பதில் எந்த மறைப்பும் இல்லை.

சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய காப்பியத்தை யாரும் எடுத்தாளலாம். அதை அண்மையில் உரைநடையில் எழுதியவரின் வாக்கியங்களை அப்படியே எடுக்கக்கூடாது. மலேசியச் சட்டப்படி, எழுத்தாளர் வாழும் காலத்திலும் அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். இணையத்தில் கண்ட படம் யாருக்கும் சொந்தமில்லாதது என்று கருதுவதும் தவறு.

அச்சு வேலையிலும் சில நுட்பங்கள் உள்ளன. நடுவில் கம்பி அடித்துக் கட்டும் நூலின் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். கதையை எழுதி முடித்துவிட்டுப் பக்கத்தை எண்ணுபவர் கடைசியில் இரண்டு பக்கங்களை எதைக் கொண்டு நிரப்புவது என்று விழிப்பார். தமிழெழுத்துக்கு இடங்கொடுக்காத வடிவமைப்பு மென்பொருளில், ‘கொடி’ என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். மெய்ப்புப் படியை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் மூலப்படியைப் பார்த்துக்கொண்டே வருவது பழைய வழி. இன்றும் அதுவே நம்பகமானது. கதையை அறிந்த பெரியவர் ஒருவரும், கதையே அறியாத பிள்ளை ஒன்றும் அந்தப் படியைப் பார்த்துவிட்டால் மிகவும் நல்லது. பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்கும் இடமே திருத்த வேண்டிய இடம்.

நூல் சிறிதாக இருப்பது ஒரு குறையன்று. ஆங்கில எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர், முயல்குட்டி பீட்டரின் கதையைப் பதிப்பகங்கள் மறுத்ததும், 1901இல் 250 படிகளைத் தம் செலவில் அச்சிட்டார். சின்னக் கைகளில் அடங்கும் அளவிலேயே அந்த நூல் இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மறு ஆண்டே பதிப்பகம் ஒன்று அதே கதையை வண்ணப் படங்களோடு வெளியிட்டது.

இங்கு நூல் வெளியீட்டு விழாவில்தான் போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பது வழக்கம். முதல் நூலைப் பெறுபவர் தாராளமாகத் தருவார்; பொன்னாடையும் உரைகளும் உண்டு. பிள்ளைகளுக்கான நூலுக்கு அந்த விழா மட்டும் போதாது. மேடையில் பெற்ற நூல்கள் பல, உறை பிரிக்கப்படாமலே அலமாரியில் தங்கிவிடுகின்றன. ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலகத்தில் பெற்று, 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கு ஒப்படைக்க வேண்டிய ஐந்து படிகளையும் கொடுத்த பிறகு, மீதியில் பாதியைத் தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கும் சமய வகுப்புகளுக்கும் ஒதுக்கி வைப்பது நல்லது. நூறு படிகள் தீர்ந்து மீண்டும் அச்சிடும்போது, பிள்ளைகள் கேட்ட ‘ஏன்?’களுக்கு ஏற்ப ஒரு வரியையோ ஒரு படத்தையோ மாற்றிக்கொள்ளலாம். முதல் தடவையிலேயே இரண்டாயிரம் படிகளை அச்சிட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கியவரால் அது முடியாது.