அமெரிக்காவில் சாதியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள், ஆசிரியரே?

சாதியைப் பற்றி யாராவது கேட்டால், அது அந்தக் காலத்து விஷயம், அரசியல் சட்டத்திலேயே ஒழித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட வேண்டுமாம். பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கப் பள்ளிகளுக்குச் செல்லவிருக்கும் நம் ஆசிரியர்களுக்கு, பயணத்துக்கு முந்தைய பயிற்சி வகுப்பில் சொல்லித்தரப்பட்ட பதில் இது. ஓர் அமர்வில் பேச அழைத்திருந்ததால் நானும் அங்கே இருந்தேன். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே முக்கியமில்லை. இப்படிப்பட்ட பதிலை ஆசிரியர்கள் நிறைந்த அரங்கில் சொல்ல முடிகிறது, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும் ஆள் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

முதலில் அந்தப் பதிலே பொய். அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்தது தீண்டாமையை, சாதியை அல்ல. 15ஆவது பிரிவு சாதியின் பேரால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இல்லாத ஒன்றின் பேரால் பாகுபாடு காட்டாதே என்று எந்தச் சட்டமும் சொல்லாது. 1950இல் எல்லாம் ஒழிந்துவிட்டதென்றால் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எதற்கு வந்தது? இதுகூடத் தெரியாதவர்தான் இந்தியாவை உலகுக்கு விளக்கப் போகிறாரா?

பயிற்சியில் மற்றவையெல்லாம் ஒழுங்காகவே இருந்தன. வயதையும் சம்பளத்தையும் கேட்காதீர்கள், வரிசையில் இடைவெளி விட்டு நில்லுங்கள் என்றார்கள். கறுப்பின மாணவரிடம் எந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்குத் தனி அமர்வே இருந்தது. ரோசா பார்க்ஸ் வந்தார், லிட்டில் ராக் வந்தது. நல்லது, வர வேண்டியதுதான். ஆனால் அடுத்தவன் வீட்டு நிறவெறிக்கு ஒரு அமர்வு ஒதுக்க முடிந்தவர்களுக்கு, நம் வீட்டுச் சாதிக்கு ஒதுக்கக் கிடைத்தது தட்டிக்கழிக்கும் ஒரே ஒரு வாக்கியம். 'நம் பண்பாடு' என்று எடுத்துச் செல்லச் சொன்ன பட்டியலில் பட்டுப்புடவை இருந்தது, பரதம் இருந்தது, கோலம் இருந்தது. பறை இல்லை. உணவு என்றால் இட்லியும் சாம்பாரும்தான். மாட்டுக்கறி தின்னும் இந்தியன் அங்கே இந்தியனாகவே கணக்கில் வரவில்லை.

இதில் வியக்க ஒன்றுமில்லை. இத்தகைய பரிமாற்றங்களில் உலகப் புகழ்பெற்ற திட்டம் அமெரிக்க செனட்டர் ஃபுல்பிரைட்டின் பெயரில் 1946இல் தொடங்கியது. நாடுகள் ஒன்றையொன்று புரிந்துகொண்டால் போர் வராது என்று நம்பியவர் அவர். அதே மனிதர்தான், பள்ளிகளில் கறுப்பர், வெள்ளையர் பிரிவினை கூடாது என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த்துத் தென்மாநில உறுப்பினர்கள் 1956இல் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்திட்டார். 1964ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். 1957இல் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் அனுப்ப ராணுவம் வர வேண்டியிருந்த லிட்டில் ராக், அவருடைய மாநிலமான ஆர்கன்சாவின் தலைநகரம். கடல் கடந்து புரிந்துகொள்ளத் தெரிந்தவருக்குத் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசல் தெரியவில்லை. நம் பயிற்சி வகுப்புகளும் அந்த நோயைத்தான் சுமக்கின்றன.

உண்மையான பரிமாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1959இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்தில் தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமை ஆசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்து போனதாகவும், பிறகு யோசித்து, ஆம், நான் தீண்டப்படாதவன்தான் என்று உணர்ந்ததாகவும் 1965இல் கிங் தன் உரையொன்றில் சொன்னார். எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போகாத ஒரு தலைமை ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் செய்தது அது.

மகாத்மா பூலேவும் ஆசிரியர்தான். 1873இல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் போன அண்ணல் அம்பேத்கர், 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் பேசியது இந்தியச் சாதிகளைப் பற்றித்தான். கோலத்தைப் பற்றி அல்ல.

வெளிநாட்டில் போய் நாட்டை இழிவுபடுத்தலாமா என்று அங்கே ஒருவர் கேட்டார். ஐயா, சாதி உங்களுக்கு முன்பே விசா வாங்கிப் போய்ச் சேர்ந்துவிட்டது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் தன் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் தடுத்துவிட்டார் என்றாலும், விவாதம் ஊரறிய நடந்தது. இதெல்லாம் தெரிந்த மாணவர் எழுந்து கேட்டால், அந்தக் காலத்து விஷயம் என்பீர்களா? நாட்டுக்கு இழிவு சாதியால் வருகிறது. அதைச் சொல்வதால் அல்ல.

யார் போகிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் கட்டுரை, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், தலைமை ஆசிரியரின் பரிந்துரை, துறையின் தடையின்மைச் சான்று, இத்தனையும் வேண்டும். இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியிலிருந்து ஒருவர் சில மாதம் போனால் வகுப்பை யார் பார்ப்பது? ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலிருந்து எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று என் அமர்வில் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. தகுதி என்று இவர்கள் சொல்வது யாருக்கு வாய்ப்பு கிடைத்தது என்பதன் மறுபெயர்.

2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனுடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்கு, கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடு என்று 2024 ஜூனில் அரசுக்கு எழுதிக் கொடுத்தது. சாதி நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

எனவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, ஒவ்வொரு பரிமாற்றப் பயிற்சியிலும் சாதி பற்றி முழு நாள் பாடம் வேண்டும், அதைத் தலித் கல்வியாளர்கள் நடத்த வேண்டும். இரண்டு, ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனி இடங்கள், தமிழில் விண்ணப்பம், ஆங்கிலப் பயிற்சி, அவர்கள் போகும் காலத்துக்கு மாற்று ஆசிரியர் ஆகியவை வேண்டும். மூன்று, திரும்பி வருபவர்கள் அங்கே நிறவெறி பற்றிக் கற்ற பாடத்தை இங்கே சாதியோடு வைத்துத் தம் வகுப்பறையில் நடத்த வேண்டும். திட்ட அறிக்கையில் அதற்குக் கணக்குக் கேட்க வேண்டும்.

லிட்டில் ராக்கின் ஒன்பது பிள்ளைகளைப் பாடமாக நடத்துகிற ஆசிரியருக்கு, தன் வகுப்பில் கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏன் என்று கேட்கும் கடமை இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விசா தேவையில்லை.