மாசிக் குழிக்கு யார் கணக்கு வைப்பது?

மாசி பிறந்துவிட்டது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் எல்லையோரச் சிற்றூர்களில் இது சேனைக்குக் குழி வெட்ட வேண்டிய மாதம். நேற்று மாலை எங்கள் தெரு முழுவதும் நடந்து பார்த்தேன். குழி வெட்டியிருந்த வீடுகள் இரண்டே. இதே தெருவில் ஓணத்திற்கு முன்பு விதைப்பொட்டலம் வாங்காத வீடு அரிது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதே என் வாதம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கேரள வேளாண் துறையின் ‘ஓணத்தினு ஒரு முறம் பச்சக்கறி’ திட்டம் தீயதன்று. பூச்சிக்கொல்லி எச்சம் குறித்து 2015இல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே எழுந்த சர்ச்சையை நாம் மறக்கவில்லை. தன் வீட்டுக் காய்கறியைத் தானே விளைவிக்க வேண்டும் என்ற எண்ணத்தைப் பரவலாக்கியதில் அத்திட்டத்திற்குப் பங்குண்டு. என் எதிர்ப்பு அதன் நோக்கத்தோடு அன்று, அதன் நாள்காட்டியோடு.

ஆவணியில் ஓணம். ஓணத்திற்குள் முறம் நிறைய வேண்டுமெனில், விதை தென்மேற்குப் பருவமழையின் வாயிலில் மண்ணில் விழுந்தாக வேண்டும். வெண்டையும் பயறும் தாங்கக்கூடும். செங்கீரை தாங்காது. அடைமழையில் அதன் இலையெங்கும் வெண்புள்ளி படரும் என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் அறிவார்கள். வேளாண் பல்கலைக்கழகமும் அறியும். நோயைத் தாங்கும் கோ-1 என்னும் பச்சைக் கீரையைச் சிவப்போடு கலந்து விதைக்கலாம் என்று பரிந்துரைப்பதும் அதே பல்கலைக்கழகம்தான். அந்தக் கோ-1 கோயம்புத்தூரில் உருவான இரகம். எல்லைக்கோடு கீரைப்பாத்திக்குத் தெரியாது.

இந்த மண்ணின் நடவுக் கணக்கு பண்டிகைக்கு முந்தைய மூன்று மாதக் கணக்கு அன்று. கும்பத்தில் நட்ட சேனை குடமளவு, மீனத்தில் நட்டது மீன்கண்ணளவு என்பது மலையாளப் பழமொழி. கும்பம் என்பது நம் மாசி; மீனம் நம் பங்குனி. இதை மூடநம்பிக்கை என்று எள்ளுவோர் அதன் உள்ளிருக்கும் காரணத்தைப் பார்க்கட்டும். 60 செ.மீ. நீள அகலமும் 45 செ.மீ. ஆழமும் உள்ள குழி. குழிக்குக் குழி 90 செ.மீ.; முளை உள்ள ஏறத்தாழ 1 கிலோத் துண்டு, சாணக்கரைசலில் தோய்த்து நிழலில் உலர்த்தியது. மாசியில் நட்டால் அது வறண்ட மண்ணில் அழுகாமல் கிடந்து கோடைமழைக்கு முளைவிடும். ஜூன் மழை இறங்கும்போது குடை விரித்து நிற்கும். பின்னால் வரும் ஐப்பசி மழையும் கிழங்கைப் பருக்கச் செய்யும். எட்டு, ஒன்பது மாதங்கள் கழித்துத் தோண்டலாம். ஆகவேதான் தென்கோடித் தமிழர் வீடுகளில் பொங்கல் படையலில் சேனையும் காச்சிலும் சேம்பும் சிறுகிழங்கும் இடம்பெறுகின்றன. எங்கள் விளையின் கணக்கு மாசியில் தொடங்கித் தையில் முடிகிறது. ஓணம் அதன் நடுவே வருகிறது.

பொட்டலத்தின் குறை இங்குதான் வெளிப்படுகிறது. சேனைக்கும் காச்சிலுக்கும் நடுபொருள் விதையன்று, கிழங்கே. அதைக் காகித உறையில் அடைத்து ஆண்டுக்கணக்கில் வைக்க முடியாது. ஒவ்வோராண்டும் நட்டாக வேண்டும். நடாவிட்டால் அந்த வீட்டு வகை அத்துடன் முடிந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர் ஆய்வு நிறுவனமே தன் சேகரிப்பை வயலில் நட்டு நட்டுத்தான் காக்கிறது. பொட்டலங்களின் எண்ணிக்கையால் வெற்றியை அளக்கும் ஒரு திட்டத்தின் பதிவேட்டில் இந்தப் பயிர்களுக்குக் கட்டமே இல்லை. கட்டம் இல்லாதது மெல்ல மெல்ல நிலத்திலிருந்தும் இல்லாமல் போகிறது.

குற்றத்தை அரசின் மீது மட்டும் சுமத்த நான் தயாரில்லை. என் பாட்டி உள்ளே ஊதா நிறம் கொண்ட ஒரு காச்சிலை ஆண்டுதோறும் நட்டுவந்தார். அவர் மறைந்த ஆண்டில் எடுத்து வைத்த நடுகிழங்கு பரணிலேயே வற்றிப்போயிற்று. அந்த மாசியில் நான் நூலகத்தில் அமர்ந்து, மரபறிவு பற்றிய இயல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். அக்கிழங்கை அதன் பின் நான் எங்கும் காணவில்லை.

தமிழகத்திலிருந்து வரும் தோட்டக் கையேடுகளும் எங்களுக்கு உதவுவதில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வடகிழக்குப் பருவமழையை நம்பிய நிலங்களின் வாக்கு. எங்களுக்கு ஆடி என்பது கர்க்கடகம். விதைத்தது மழையில் கரையும் மாதம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் எங்கள் விளைகள் இரு தலைநகரங்களின் நாள்காட்டிகளுக்கும் வெளியே கிடக்கின்றன. எல்லையிலேயே நிற்கும் இஞ்சிவிளை என்னும் ஊர்ப்பெயரைப் பாருங்கள். ‘விளை’ என்ற சொல்லை இடப்பெயராய்வில் பட்டியலிடுகிறோம். அந்த விளையில் எந்த மாதம் என்ன நட்டார்கள் என்று எத்தனை ஆய்வேடுகள் கேட்டிருக்கின்றன?

‘இது வெறும் பழமை ஏக்கம்’ என்பார்கள் கருத்தரங்கத்து நண்பர்கள். கேரள நிலச்சீர்திருத்தம் ஊராட்சிப் பகுதிகளில் குடிகிடப்புக்காரர்களுக்கு உரிமையாக்கிய நிலம் 10 சென்ட். அந்தப் பத்து சென்டில் தென்னை நிழலிலும் விளையக்கூடியவை இந்தக் கிழங்குகள். ஏழை வீட்டின் பஞ்ச மாதங்களைக் கடத்திய உணவை ஏக்கம் என்று பெயரிடுவது, பசியை அறியாதவர்க்கே இயலும். இந்த உழைப்பு பெரிதும் பெண்களின் தோளில் விழுந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதைச் சேர்த்தே எழுதுவோம்.

செய்யக்கூடியவை உள்ளன. நெய்யாற்றின்கரை அருகே செங்கல் ஊராட்சியில் உள்ள விலாத்தாங்கரையின் செங்கீரை, உழவர்கள் தம் கையால் விதை தெரிந்தெடுத்ததால் இன்று ஊர்ப்பெயரோடு வாழ்கிறது. விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் உழவர்க்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டம் ஏற்கிறது. ஊராட்சிகள் மாசியில் நடுகிழங்குப் பரிமாற்ற நாள் ஒன்றை நடத்தட்டும். எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்பதோடு, எத்தனை வகை அடுத்த மாசிக்கும் உயிரோடிருந்தது என்பதையும் எண்ணட்டும். களப்பணிக்கு வரும் மாணவர்கள் வகையின் பெயரையும் நடும் முறையையும் பேசுபவர் சொல்லும் தமிழிலேயே பதியட்டும்.

மாசி முடிய இன்னும் நாள் இருக்கிறது. என் வீட்டில் மூன்று குழிகள் வெட்டியிருக்கிறேன். ஊதாக் காச்சில் யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு துண்டு போதும், வந்து வாங்கிக்கொள்கிறேன்.