அண்ணனுக்குப் புது பிளேடு கேட்பது யார்?

சேவூரில் முடிதிருத்தும் கடைக்குப் போகிறார், ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளி. உட்கார்ந்ததும், "புது பிளேடு போடுப்பா!" என்கிறார். போடுகிறார்கள்.

அவருடைய அண்ணன் பல ஆண்டுகளாக மனநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அண்ணனுக்குப் புது பிளேடு கேட்பது யார்? அவருக்குக் கேட்கத் தெரியாது. கேட்டாலும், யார் காது கொடுப்பார்கள்?

மஞ்சள் காமாலையில் "பி", "சி" வகைகள் முக்கியமாக ரத்தத்தின் மூலம் பரவுகின்றன. ஒருவருக்குப் போட்ட பிளேடு, ஊசி போதும்! வெளியே தெரியாமலே கல்லீரலைக் கெடுத்துவிடும். பலர் நெருக்கமாகப் பல ஆண்டுகள் வாழும் இடத்தில் ஆபத்து அதிகம்.

அமெரிக்காவில் நடந்த கொடுமை

நியூயார்க் நகரில், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக "வில்லோபுரூக்" என்ற விடுதி இருந்தது. 4 ஆயிரம் பேருக்கான இடத்தில் 6 ஆயிரம் பேரை அடைத்தார்கள். காமாலை பரவியது. 1956-ம் ஆண்டு முதல், ஆராய்ச்சிக்காக டாக்டர்களே சில குழந்தைகளுக்கு அந்தக் கிருமியைக் கொடுத்தார்கள்! எப்படியும் வரப்போகும் நோய்தானே என்று சமாதானம் சொன்னார்கள். 1987-ல் விடுதி மூடப்பட்டது.

அந்த சமாதானம், காமாலையைவிடக் கொடிய நோய்!

கேட்க வேண்டியது என்ன?

இன்று "பி" வகைக்குத் தடுப்பூசி உண்டு. "சி" வகை மாத்திரையிலேயே குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். மனநோயாளிக்குச் சுத்தமான இடம் வேண்டும், கட்டாய மொட்டை கூடாது என்கிறது, 2017-ம் ஆண்டு சட்டம்.

ஆகவே, சேர்க்கும் நாளிலேயே ரத்தப் பரிசோதனையும் தடுப்பூசியும் வேண்டும். ஆளுக்கு ஒரு பிளேடு வேண்டும். பார்க்கப் போகும் தம்பி, பழத்தோடு இந்தக் கேள்வியையும் கொண்டுபோகட்டும். தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ இந்த நோய் ஒட்டாது. பயம் வேண்டாம். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டே கேட்கலாம்!