நீக்கிய வரம்பைத் திரும்ப எழுதுங்கள்

2020 ஜனவரியில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. மருந்து ஆலைகளின் கழிவுநீரில் எந்த ஆன்டிபயாட்டிக் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அதில் வரம்பு இருந்தது. 121 ஆன்டிபயாட்டிக்குகளின் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிக்கை வந்தது. அந்த 121 வரம்புகளில் ஒன்றுகூட அதில் இல்லை.

அவை தாமாக உதிரவில்லை. நீக்கப்பட்டன. கையெழுத்திட்டு நீக்கியது மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஓர் அமைச்சகம்.

இந்த ஓட்டை அப்படியே கிடக்க, திண்டிவனம் சிப்காட்டில் மருந்துப் பூங்காவை அமைக்கிறது தமிழக அரசு. விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கட்டும். அந்த வேலை எப்படிப்பட்டது, அதன் கழிவு எங்கே போகும் என்பதை மட்டும் யாரும் ஊராருக்கு விளக்கவில்லை. நாம் சொல்கிறோம்.

மருந்து மூலப்பொருள் டிரம்மில் வரும். உள்ளே இரட்டைப் பாலித்தீன் பை. தொழிலாளி கட்டை அவிழ்ப்பார். கரண்டியால் அள்ளுவார். தராசில் நிறுப்பார். சல்லடையில் கொட்டுவார். கொட்டும்போது மாவுபோலத் தூள் எழும்பும். இமையிலும் காது மடலிலும் சட்டைக் காலரிலும் படியும். காற்றை உறிஞ்சி வடிகட்டும் ஏற்பாடும் சரியான முகக்கவசமும் இல்லாத இடத்தில் அது நேரே நுரையீரலுக்குள் போகும். சட்டையில் ஒட்டியது வீட்டுக்கும் போகும்.

பெனிசிலின் குடும்பத்து அமாக்சிசிலின், செஃபலோஸ்போரின் குடும்பத்து செஃபிக்சிம் போன்றவற்றின் தூள் ஒவ்வாமையை உண்டாக்கும். தினமும் அதைச் சுவாசிப்பவருக்கு முதலில் அரிப்பு வரலாம். பிறகு தடிப்பு. பிறகு மூச்சிரைப்பு. ஒவ்வாமை வேரூன்றிய உடம்பில் பின்னாளில் ஏதோ ஒரு காய்ச்சலுக்கு அதே குடும்பத்து மருந்தை ஊசியாகப் போட்டால் உயிரே போகலாம். தொழில் சார்ந்த ஆஸ்துமாவுக்கு பெனிசிலின், செஃபலோஸ்போரின் தூள்கள் காரணம் என்பது மருத்துவம் அறிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அதனால்தான் இவற்றுக்குத் தனிக் கட்டடம், தனிக் காற்றோட்டம், தனி உடை வேண்டும் என்கிறது மருந்துத் தயாரிப்புக்கான விதித்தொகுப்பான ஷெட்யூல் எம். பக்கத்து அறையில் தயாராகும் வேறொரு மாத்திரையில் இந்தத் தூள் துளி கலந்தாலும், பெனிசிலின் ஒவ்வாத நோயாளிக்கு அது நஞ்சு.

அந்த ஷெட்யூல் எம் 2023 டிசம்பரில் திருத்தப்பட்டது. சிறு, நடுத்தர ஆலைகளுக்கு அவகாசம் கொடுத்தார்கள். பிறகு அதை 2025 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். தூள் அவகாசம் கேட்பதில்லை.

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளிக்கும் சுற்றியுள்ள ஊருக்கும் சொல்வது ஆலை நடத்துபவரின் கடமை ஆனது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வைப்பதும் கடமை ஆனது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தப் பதிவேட்டைக் கண்ணில் காட்டுகிறார்களா? ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் உரிய பாதுகாப்புத் தகவல் தாளை, அவர் படிக்கும் தமிழில் சுவரில் ஒட்டுகிறார்களா? இதைப் பார்க்க வேண்டியது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். பார்த்தோம் என்று சொன்னால் போதாது. பார்த்த அறிக்கையை வெளியிட வேண்டும்.

இனி கழிவுநீர். இப்போதைய விதிப்படி மருந்து ஆலைக் கழிவுநீரில், அதிலுள்ள கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று காட்டும் பி.ஓ.டி., சி.ஓ.டி. அளவுகளைப் பார்க்கிறார்கள். மிதக்கும் திடப்பொருளைப் பார்க்கிறார்கள். மீன்களை அந்த நீரில் விட்டு, 96 மணி நேரத்துக்குப் பின் 90 சதவீதம் உயிரோடு இருந்தால் தேர்ச்சி என்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் மீனைக் கொல்வதற்குச் செய்த மருந்து அல்ல. அது கிருமியைக் கொல்லும். கொல்லாமல் விட்ட கிருமியை மருந்துக்குப் பழக்கும். மீன் நீந்தும் நீரிலேயே அந்த வேலை நடக்கும். இந்தச் சோதனைகளில் எதுவும் அதைக் காட்டாது.

இது ஊகம் அல்ல. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முடிவு 2007இல் வெளியானது. ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். அந்த மருந்தை உட்கொண்ட நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது அதிகம். நினைவிருக்கட்டும், அது சுத்திகரிக்கப்பட்ட நீர். உலகமே அந்த ஆய்வைப் படித்தது. 13 ஆண்டுகள் கழித்து வரம்பை எழுதிய அமைச்சகம், அடுத்த ஆண்டே அதை அழித்தது. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக் ஆலைக் கழிவுக்கென்றே வழிகாட்டுதலை வெளியிட்டுவிட்டது. அமைச்சகம் இனி எதைக் காட்டித் தள்ளிப்போடும்?

திண்டிவனம், வானூர் வட்டார ஏரிகளின் உபரிநீர் கழுவெளி ஈரநிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து மரக்காணம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது இதே தமிழக அரசு. அந்த நீரை நம்பி மீனவர் இருக்கிறார்கள், உழவர் இருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி அந்த நீரில் வளர்ந்தால், அது யாரோ ஒருவரின் புண்ணில் ஏறி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும். அங்கே டாக்டரின் கையில் வேலை செய்யும் மருந்து இருக்காது. 2019இல் மட்டும் உலகில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தார்கள் என்று லான்செட் இதழில் வந்த கணக்கு சொல்கிறது.

கழிவுநீரை வெளியே விடவே மாட்டோம், முழுவதும் மறுசுழற்சி என்று சில ஆலைகள் எழுதிக் கொடுக்கும். நீர் வெளியே வராவிட்டால் உப்பும் சேறும் மிஞ்சும். அந்தச் சேற்றில் இருப்பது என்ன, அது எந்த லாரியில் எங்கே போனது? இந்தக் கேள்விக்கு ஆவணத்தோடு பதில் இல்லாத ஆலைக்கு இசைவு தரக்கூடாது.

கண்காணிப்பை நம்புங்கள் என்று அதிகாரிகள் சொல்வார்கள். எதை நம்புவது? 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள். விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மெத்தனால் ஆலைச் சரக்கு. மருந்து ஆலைகளில் தினமும் புழங்கும் கரைப்பானும் அதுதான். கணக்கில் இருக்க வேண்டிய சரக்கு குப்பத்துக்கு வந்தது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் ஆலை தயாரித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. தமிழக அரசின் ஆய்வகமே கண்டுபிடித்தது, குழந்தைகள் இறந்த பிறகு. ஆய்வு செய்யத் தவறிய மருந்து ஆய்வாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், அதுவும் குழந்தைகள் இறந்த பிறகு.

டெல்லி விதி எழுதட்டும் என்று சென்னை காத்திருக்கத் தேவையில்லை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம், கழிவுநீருக்கு வரம்பு விதிக்கும் அதிகாரத்தை மாநில வாரியத்துக்கே கொடுத்திருக்கிறது. ஆலை இயங்க இசைவு தருவதும் மறுப்பதும் அந்த வாரியத்தின் கையில்தான் இருக்கிறது. அதிகாரம் இல்லை என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்ல முடியாது. மனம் இல்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

ஒன்றிய அமைச்சகம் 121 வரம்புகளையும் மீண்டும் அறிவிக்க வேண்டும். யார் கேட்டு நீக்கினார்கள் என்ற கோப்பை மக்கள் முன் வைக்க வேண்டும். மாநில வாரியம், திண்டிவனம் பூங்காவில் ஆன்டிபயாட்டிக் கையாளும் எந்த ஆலைக்கும், கழிவுநீரில் அந்த மருந்தின் அளவைச் சோதித்து மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் இசைவு தரக்கூடாது. கழுவெளியின் நீரையும் சேற்றையும் இப்போதே, முதல் ஆலை ஓடுமுன், சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். ஓடிய பிறகு எடுக்கும் கணக்கை எந்த ஆலையும் ஒப்புக்கொள்ளாது.