கிடைக்காத மாத்திரைக்கும் கணக்கு வேண்டும்

அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை வாங்க அவரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். மாத்திரை தீர்ந்திருந்தது. "இந்த வாட்டி வெளியில வாங்கிக்கோங்கம்மா" என்றார் மருந்தாளுநர். குரலில் கடுமை இல்லை. எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. சீட்டை மடித்துக்கொண்டு திரும்பினோம். நாங்கள் வெறுங்கையோடு திரும்பியது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அந்த எழுதப்படாத வரிதான் வீடு வரை என்னை உறுத்திக்கொண்டே வந்தது.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் உருவானது. அதன் பாஸ்புக் முறை எளிமையானது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கிய தொகை பாஸ்புக்கில் வரவாக ஏறும். தேவைப்படும்போது கிடங்கிலிருந்து மருந்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் விலை கழியும். மேலிருந்து வருவதை வாங்கி வைத்துக்கொள்வது என்றில்லாமல், நோயாளியின் தேவையே மருந்தை இழுத்து வரும் ஏற்பாடு இது. கிடங்கின் இருப்பு கணினியில் சென்னைக்குத் தெரியும். குறையக் குறையக் கொள்முதல் நடக்கும். தரத்துக்கும் காவல் உண்டு. பேட்ச் வாரியாக மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் அந்தச் சரக்கு மருத்துவமனைக்குப் போகும். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்களுக்கும் கழகம் அமைத்துக்கொண்டன. நாம் மனதாரப் பெருமைப்படலாம்.

இப்படித் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் எந்த ஏற்பாடும் தனக்கு வந்து சேரும் செய்தியை நம்பித்தான் நடக்கிறது. ஒரு மாத்திரை ஒரு மாதம் இருப்பில் இல்லையென்றால் அந்த மாதம் அதன் செலவு பூஜ்யம். திரும்பிப் போனவர்களை யாரும் எழுதி வைக்காவிட்டால், அந்தப் பூஜ்யத்தைக் கணினி எப்படிப் படிக்கும்? ஊரில் இந்த மருந்து தேவைப்படவில்லை என்றுதான். போன ஆண்டுச் செலவை வைத்து அடுத்த ஆண்டுக்குக் கேட்கும்போது அளவு இன்னும் சுருங்கும். தட்டுப்பாடே அடுத்த தட்டுப்பாட்டுக்கு வித்தாகிவிடும். எந்திரத்தில் கோளாறு இல்லை; நாம் சொல்லாததை அது அறியாது, அவ்வளவுதான்.

இன்று இது முன்னைவிடப் பெரிய விஷயம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தருகிறது. அதுவரை மருத்துவமனைப் பக்கமே வராதவர்களும் கணக்குக்குள் வந்தார்கள். பழைய செலவுக் கணக்கு அவர்களை எப்படி அறிந்திருக்கும்?

பழியை மருந்தாளுநர் மீது மட்டும் போடுவது நியாயமில்லை. மருந்து கொடுப்பது, எழுதுவது, கணினியில் ஏற்றுவது எல்லாம் ஒரே ஆள் என்றால், 'இல்லை' என்று திரும்பியவர்களின் பெயரைத்தான் அவர் முதலில் விடுவார். தட்டுப்பாட்டைச் சொன்னவரையே "ஏன் முன்னாடியே கேட்கல?" என்று அதட்டும் மேலதிகாரி இருந்தால், அடுத்த முறை அவர் வாயே திறக்கமாட்டார். குறையைச் சொல்பவருக்கு நன்றி சொல்லும் பழக்கம் அலுவலகங்களில் வர வேண்டும். அதோடு, கிடைக்காத மருந்துக்கென்று இருப்புப் பதிவேட்டில் ஒரு பத்தியும், அதை எழுத இன்னொரு கையும் அரசு தர வேண்டும்.

நமக்கும் இதில் பங்கிருக்கிறது. அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. இரண்டு இடத்தில் சீட்டுக் காட்டி மாத்திரை வாங்கிப் பெட்டியில் போட்டு வைக்கும் குடும்பமும் கணக்கைக் குலைக்கிறது; அந்த அட்டை இன்னொருவருக்குச் சேர வேண்டியது. மாத்திரை நிறம் மாறியிருந்தால், உதிர்ந்தால், குப்பையில் எறியாமல் அட்டையோடு எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். பேட்ச் எண் அதில்தான் இருக்கிறது; அந்த எண் இருந்தால்தான் அதே சரக்கை மற்ற ஊர்களிலும் நிறுத்தி வைக்க முடியும். சாலைக்கும் குடிநீருக்கும் குரல் எழும் கிராம சபையில், போன மூன்று மாதத்தில் எந்தெந்த மருந்து எத்தனை நாள் இல்லை என்றும் யாராவது கேட்கட்டும். எங்கள் ஊரில் அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப் போகிறேன்.