ஊசியை நிறுத்தச் சொல்லும் துண்டறிக்கைக்கு எதிர்வினை

கேமரன் மலைத் தோட்டங்களில், ரிங்லெட் தொடங்கி பிரிஞ்சாங் வரை, தமிழில் அச்சடித்த துண்டறிக்கை ஒன்று வீடு வீடாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது. இனிப்புநீர் உள்ளவர்கள் இன்சுலின் ஊசியை உடனே நிறுத்த வேண்டுமாம். அதற்குப் பதில், கடைசிப் பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கும் மூலிகைத் தேயிலையைக் குடித்தால் போதுமாம். சாமியார் பாஷையில் எழுதியிருந்தால் பலர் ஒதுக்கித் தள்ளியிருப்பார்கள். எழுதியவர் அப்படி எழுதவில்லை. ஹார்மோன், ஏற்பி, செல் சுவர் என்று பாடப்புத்தகச் சொற்களை வாரி இறைத்திருக்கிறார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மனித செல்லுக்குச் சுவர் கிடையாது, சவ்வுதான் உண்டு என்பதுகூடத் தெரியாதவர், மனித உயிரோடு விளையாடுகிறார்.

அவருடைய வாதம் முழுவதும் ஒரு படத்தை நம்பி நிற்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒரு லாரி வரைந்திருக்கிறார். லாரிதான் இன்சுலின், அதன் மேல் அடுக்கிய மூட்டைகள் சர்க்கரை. லாரி செல்லின் கதவைத் தாண்டி உள்ளே போய் மூட்டைகளை இறக்குகிறது. ஊசி மருந்து என்பது 'ரசாயன லாரி', தன்னுடைய மூலிகை 'பச்சை லாரி', இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்கிறார்.

இந்தப் படம் முழுப் பொய். இன்சுலின் சர்க்கரையைச் சுமப்பதில்லை. தன் வேலையைச் செய்ய அது செல்லுக்குள் நுழைவதும் இல்லை. 51 அமினோ அமிலங்களால் ஆன புரதத் துண்டு அது. ஒரு சங்கிலியில் 21, இன்னொன்றில் 30. நீரில் கரையும் அந்த மூலக்கூறால் கொழுப்பாலான செல் சவ்வைத் தாண்ட முடியாது. வாசலில் நின்று அழைப்பு மணியை அடிப்பவரைப் போன்றது அது. கதவைத் திறப்பவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

அந்த மணிதான் ஏற்பி. சவ்வைக் குறுக்கே ஊடுருவி நிற்கும் ஒரு பெரிய புரதம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆல்ஃபா பகுதிகள் இரண்டு, சவ்வைக் கடந்து உள்ளே இறங்கும் பீட்டா பகுதிகள் இரண்டு. இன்சுலின் இல்லாதபோது உள்ளே உள்ள இரண்டு பீட்டா வால்களும் விலகிக் கிடக்கின்றன. வெளியே ஆல்ஃபா பகுதியில் இன்சுலின் பொருந்தியதும் ஏற்பியின் உருவமே மாறுகிறது. வால்கள் நெருங்கி வந்து, ஒன்று மற்றொன்றிலுள்ள டைரோசின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. ஏற்பியே ஒரு நொதியாகவும் வேலை செய்கிறது என்ற இந்த உண்மை 1982-ல் தெரியவந்தது. பாஸ்பேட் ஒட்டிய இடங்களுக்கு வேறு புரதங்கள் வந்து சேர்கின்றன. சேதி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிப் போகிறது. தசையிலும் கொழுப்புத் திசுவிலும், சிறு பைகளுக்குள் அடைந்து கிடந்த குளூட்-4 என்ற கடத்திப் புரதங்கள் கடைசியில் செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. சர்க்கரை உள்ளே போவது அவற்றின் வழியாகத்தான். கல்லீரலிலோ இதே சேதி, சர்க்கரை உற்பத்தியைக் குறைக்கும்படி உத்தரவிடுகிறது. வேலை முடிந்ததும் செல் இன்சுலினை ஏற்பியோடு சேர்த்து உள்ளிழுத்துச் சிதைக்கிறது. துண்டறிக்கைக்காரர் இதைப் பிடித்துக்கொண்டு 'பார்த்தீர்களா, உள்ளே போகிறதே' என்று வரக்கூடும். அது சேதியை முடித்துவைக்கும் ஏற்பாடு. அதில் சர்க்கரை மூட்டை எதுவும் இல்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. லாரி என்றால் எந்த லாரியும் மூட்டை சுமக்கும். ஏற்பி அப்படியல்ல. உருவம் இம்மியளவு பிசகினாலும் பிடிப்பு போய்விடும். 1979-ல் சிகாகோவில் ஒரு நோயாளியின் உடலிலேயே சுரந்த இன்சுலினில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருந்தது கண்டறியப்பட்டது. 51-ல் ஒன்று. அதற்கே ஏற்பியில் அதன் பிடிப்பு வெகுவாகக் குறைந்து, ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. சொந்த உடம்பு செய்த இன்சுலினையே ஒரு பிழைக்காகத் தள்ளிவிடும் ஏற்பி, கொதிநீரில் ஊறிய இலைச்சாற்றை இன்சுலினாக ஏற்றுக்கொள்ளும் என்று எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சரி, பாகற்காயில் இன்சுலின் போன்ற புரதம் இருப்பதாக விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள் என்கிறார். எழுதியிருக்கிறார்கள். 1981-ல் ராஜஸ்தானைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பாகலிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்து, அது ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக வெளியிட்டார்கள். ஆனால் அவர்கள் அதை எப்படிக் கொடுத்தார்கள் என்பதை அவர் மறைத்துவிட்டார். தோலுக்கடியில், ஊசி போட்டுத்தான் கொடுத்தார்கள்! ஊசிக்கு எதிராக அவர் காட்டும் சாட்சியே ஊசியின் பக்கம் நின்று பேசுகிறது. வாய்வழி போகும் புரதத்தை வயிற்றின் அமிலமும் பெப்சினும், குடலின் டிரிப்சினும் துண்டு துண்டாக்கிவிடும். பருப்பும் மீனும் நமக்குச் செரிப்பது அதனால்தான். செரித்த துண்டுகளுக்கு இன்சுலின் ஏற்பியில் இடமில்லை.

செமாகுளுடைட் மாத்திரையாக வந்துவிட்டதே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அதுவும் புரத வகை ஹார்மோனைப் போலச் செய்யப்பட்ட மருந்துதான், 2019-ல் அமெரிக்காவில் மாத்திரையாக அனுமதி பெற்றது. ஆனால் அதன் கதை இவருக்கு உதவாது. வயிற்றில் சிதையாமல் காக்க ஒரு துணைப்பொருளைச் சேர்த்தும், விழுங்கியதில் ஒரு சதவீதம் அளவுதான் ரத்தத்தை எட்டுகிறது. அதற்கும் வெறும் வயிற்றில், கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இத்தனை பாடுபட்டு எட்டியதை, கெட்டில் தண்ணீரில் ஒரு பொட்டலத்தை முக்கி எட்டிவிட முடியாது.

அடுத்த வாதத்தில் பாதி உண்மை கலந்திருப்பதால் அதுதான் மிகவும் விஷமானது. ஊசி போடப் போட ஏற்பிகள் மூடிக்கொள்ளும், ஆகவே ஊசியே நோயை வளர்க்கிறது என்கிறார். இன்சுலின் அளவு நீண்ட நேரம் உயர்ந்தே இருந்தால் செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகளின் எண்ணிக்கை குறையும் என்பது 1974-லேயே ஆய்வகத்தில் காட்டப்பட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் வகை இனிப்புநீரில் அந்த அதிக இன்சுலின், ஊசிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நோயாளியின் கணையத்திலிருந்தே வருகிறது. கோளாறின் பெரும்பகுதி ஏற்பிக்கு அப்பால், உள்ளே சேதி கைமாறும் கட்டங்களில் இருக்கிறது. அதற்கு மருந்து எடையைக் குறைப்பது, நடப்பது, மெட்ஃபார்மின் போடுவது. ஓய்ந்துபோன கணையம் உள்ளவருக்கு டாக்டர் எழுதிய ஊசியைப் பிடுங்குவது மருந்தாகாது.

முதல் வகை உள்ள பிள்ளைகள் நிலை இன்னும் கொடுமை. அவர்கள் கணையத்தில் இன்சுலின் ஏறக்குறைய சுரப்பதே இல்லை. ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் தாகம், வாந்தி, வயிற்று வலி வரும். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கும், அதில் பழம் அழுகினாற்போல் ஒரு வாடை வீசும். பிறகு நினைவு தப்பும். 1922 ஜனவரியில் டொரொன்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் ஏற்றும்வரை, இந்த நோய் வந்த பிள்ளைகளை மரணத்திலிருந்து மீட்க வழியே இருக்கவில்லை. நூறாண்டுக்கு முந்தைய அந்த நிலைக்கு நம் பிள்ளைகளைத் தள்ளத்தான் இந்தத் தாளை அச்சடித்திருக்கிறார்கள்.

நம் முன்னோர் தேயிலையைக் குடித்தே நோயில்லாமல் வாழ்ந்தார்கள் என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். 1929-ல் ரஸ்ஸல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய பிறகு இந்தச் சரிவுகளில் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்கள், கொழுத்த கூலியோ நிறைந்த சோறோ கண்டதில்லை. அவர்கள் பட்ட பாட்டைக் கடைச்சரக்குக்கு முத்திரையாகப் பயன்படுத்துவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்புநீர் இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களில் அது 31.4 சதவீதம். மூன்றில் ஒருவரை நெருங்கும் அந்தத் துயரத்தைத்தான் இவர் சந்தையாகப் பார்க்கிறார்.

சட்டத்தைப் பற்றியும் அவருக்குச் சொல்ல வேண்டும். இனிப்புநீரைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம் தடை செய்திருக்கிறது. துண்டறிக்கையும் விளம்பரம்தான். நாட்டில் பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் இருக்க வேண்டும். அவர் போட்டிருக்கும் படத்தில் அப்படி எண் எதுவும் இல்லை.

தோட்டத்து மக்களே, அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்தால் அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், கிளினிக்கில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஊசியின் அளவில் சந்தேகமிருந்தால் அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரிடமே கேளுங்கள். ஏற்கெனவே ஊசியை நிறுத்தியவர் உங்கள் வீட்டில் இருந்தால், வாந்தியும் மூச்சிரைப்பும் தெரிந்தால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தானா ராத்தா மருத்துவமனைக்கு இரவோடு இரவாகக் கொண்டு போய்ச் சேருங்கள்.